கழித்த பிறகு எது மிஞ்சுகிறது: பூஜ்ஜியத்தை நெருங்குபவையும் முடிவிலியை நோக்கிப் போகிறவையும்

கேள்வி இரண்டு கணக்குகளின் வடிவில் வந்திருக்கிறது. முதலாவது: எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது (டேன் எக்ஸ் − சைன் எக்ஸ்) ÷ எக்ஸ்³ என்பதன் எல்லை என்ன? எக்ஸ் சிறிதாகும்போது டேன் எக்ஸ், சைன் எக்ஸ் இரண்டுமே எக்ஸுக்குச் சமானம் என்று வகுப்பில் சொன்னதை வைத்து, மேலே எக்ஸ் − எக்ஸ் என்று போட்டு, விடை பூஜ்ஜியம் என்று எழுதியிருக்கிறார் கேட்டவர். புத்தகத்தில் விடை 1/2. இரண்டாவது: எக்ஸ் முடிவிலியை நோக்கிப் போகும்போது √(எக்ஸ்² + எக்ஸ்) − எக்ஸ். எக்ஸ்²-க்கு முன்னால் எக்ஸ் அற்பம்தானே என்று அதை விட்டுவிட்டு, இங்கேயும் பூஜ்ஜியம் என்கிறார். புத்தகம் இங்கேயும் 1/2 என்கிறது. கூடவே ஒரு வரி: “எல்லா முடிவிலியும் ஒன்றல்ல என்கிறார்கள். அப்படியானால் எது பெரிது, எது சிறிது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?”

மூன்று கேள்விகள்போலத் தெரிந்தாலும் உண்மையில் கேட்கப்பட்டிருப்பது ஒன்றுதான். ஓர் அளவுக்குப் பதிலாக அதற்குச் ‘சமானமான’ இன்னோர் அளவைப் போடும் உரிமை எப்போது கிடைக்கிறது, எப்போது பறிபோகிறது என்பதே அது. கல்லூரியில் நுண்கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லை பற்றிய பாடத்தில் மாணவர்கள் இழக்கும் மதிப்பெண்களில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் போகிறது. அவர்கள் தவறாக நினைக்கிறார்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பாதி உண்மையைச் சொல்லி நாம்தான் நிறுத்திவிடுகிறோம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். “எல்லா முடிவிலியும் ஒன்றல்ல” என்ற பேச்சு பெரும்பாலும் ஜெர்மானியக் கணித அறிஞர் கியோர்க் கான்டரிடமிருந்து வருவது. இயல் எண்களோடு மெய்யெண்களை ஒன்றுக்கு ஒன்றாக இணைத்து முடிக்கவே முடியாது என்று அவர் 1874-இல் வெளியிட்ட கட்டுரையில் நிறுவினார். அது கணங்களில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்பது பற்றியது. எல்லைக் கணக்கில் வரும் முடிவிலிக்கும் அதற்கும் உறவு இல்லை. எல்லைக் கணக்கில் முடிவிலி ஓர் எண் அல்ல, எண்ணிக்கையும் அல்ல; ஒரு சார்பின் போக்கு. நீங்கள் எவ்வளவு பெரிய எண்ணைச் சொன்னாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தச் சார்பு அதைத் தாண்டிவிடும், மறுபடி கீழே வராது என்பதுதான் ‘முடிவிலியை நோக்கி’ என்பதன் முழுப் பொருள். பூஜ்ஜியத்தை நெருங்குவதும் அப்படியே. நீங்கள் எவ்வளவு சிறிய எண்ணைச் சொன்னாலும் ஒரு கட்டத்துக்குப் பிறகு அதைவிடச் சிறிதாகி, அப்படியே இருக்கும். பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி 1821-இலேயே இப்படித்தான் எழுதினார்: மிக நுண்ணிய அளவு என்பது நிலையான ஓர் எண்ணன்று, பூஜ்ஜியத்தை எல்லையாகக் கொண்டு மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அளவு.

போக்குகளை ஒப்பிடுவதாக இருந்தால் ‘எது பெரிது’ என்ற கேள்வியை ‘எது முந்துகிறது’ என்று மாற்றிக் கேட்க வேண்டும். அதற்கான கருவி விகிதம். இரண்டு சார்புகளும் பூஜ்ஜியத்தை நெருங்குகின்றன என்று வைத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். விகிதம் பூஜ்ஜியத்துக்குப் போனால் மேலே இருப்பது வேகமாகச் சுருங்குகிறது. முடிவிலிக்குப் போனால் கீழே இருப்பது வேகமாகச் சுருங்குகிறது. பூஜ்ஜியமல்லாத ஓர் எண்ணில் போய் நின்றால் இரண்டும் ஒரே படியைச் சேர்ந்தவை. அந்த எண் 1 ஆகவே இருந்தால் மட்டும் ‘சமானம்’ என்கிறோம். எக்ஸ் = 0.001 என்று எடுத்துக்கொண்டால் எக்ஸ்² 0.000001, √எக்ஸ் ஏறத்தாழ 0.0316. மூன்றும் பூஜ்ஜியத்துக்குத்தான் போகின்றன, ஆனால் எக்ஸ்² எங்கோ முன்னால் ஓடிவிட்டது, √எக்ஸ் பின்தங்கி வருகிறது. முடிவிலியின் பக்கம் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். பூஜ்ஜியத்துக்கு அருகில் அடுக்கு கூடக் கூட அளவு அற்பமாகும். முடிவிலியின் பக்கம் அடுக்கு கூடக் கூட அளவு ஆதிக்கம் பெறும். ‘சிறிய உறுப்பை விட்டுவிடலாம்’ என்பதை மனப்பாடம் செய்தவர்கள், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்காமல் தவறான உறுப்பை விட்டுவிடுவதை விடைத்தாள்களில் அடிக்கடி காண்கிறேன்.

இப்போது முதல் கணக்குக்கு வருவோம். டேன் எக்ஸ் எக்ஸுக்குச் சமானம் என்றால், டேன் எக்ஸ் = எக்ஸ் × (1 + ஒரு சிறுபிழை) என்று எழுதலாம், அந்தச் சிறுபிழை பூஜ்ஜியத்துக்குப் போகிறது என்று பொருள். அவ்வளவுதான். டேன் எக்ஸும் எக்ஸும் ஒன்று என்று பொருளல்ல. சைன் எக்ஸும் அதேபோல எக்ஸ் × (1 + வேறொரு சிறுபிழை). பெருக்கலிலும் வகுத்தலிலும் இந்த (1 + சிறுபிழை) என்ற காரணி தனியாக ஒதுங்கி நின்று 1-க்குப் போய்விடும், விடையைத் தொடாது. அதனால்தான் பெருக்கல் வகுத்தலில் சமானமானதைத் தயக்கமின்றிப் போடலாம். கழித்தலில் நடப்பது வேறு. இரண்டிலும் உள்ள எக்ஸ் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது எக்ஸ் × (இரண்டு சிறுபிழைகளின் வித்தியாசம்) மட்டும். ‘அற்பம்’ என்று நீங்கள் தூக்கிப் போட்ட பகுதிதான் இப்போது முழு விடையும். அதை முதல் வரியிலேயே தூக்கிப் போட்டுவிட்டதால் உங்கள் கையில் எதுவும் இல்லை. நீங்கள் எழுதிய பூஜ்ஜியம் ‘தெரியவில்லை’ என்பதைத்தான் குறிக்கிறது, ‘பூஜ்ஜியம்’ என்பதை அல்ல.

எண்களை வைத்துப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். எக்ஸ் = 0.1 ரேடியன். டேன் 0.1 = 0.1003347, சைன் 0.1 = 0.0998334. இரண்டும் 0.1-ஐ விட்டு அரை சதவீதம்கூட விலகவில்லை, ஆகவே சமானம் என்பது நியாயம்தான். ஆனால் கீழே இருக்கும் எக்ஸ்³-இன் மதிப்பு வெறும் 0.001. டேன் விலகியிருக்கும் 0.0003347, அந்த 0.001-இல் மூன்றில் ஒரு பங்கு. சைன் எதிர்ப்பக்கமாக விலகியிருக்கும் 0.0001666, ஆறில் ஒரு பங்கு. 1/3 + 1/6 = 1/2. விடை அங்கேயே கிடக்கிறது. எக்ஸ் = 0.01 எனில் விகிதம் 0.50001. தொடர்களாக எழுதினால் டேன் எக்ஸ் = எக்ஸ் + எக்ஸ்³/3 + …, சைன் எக்ஸ் = எக்ஸ் − எக்ஸ்³/6 + …; கழித்தால் எக்ஸ்³/2. இந்த சைன் தொடர் நமக்குத் தொலைவான சொத்து அல்ல. நியூட்டனுக்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவன் இதைக் கண்டறிந்தார். 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் மலையாளத்திலேயே எழுதிய யுக்திபாஷையில் அதன் நிறுவல் இருக்கிறது.

தொடர் தெரியாவிட்டாலும் வழி உண்டு. கழித்தலைப் பெருக்கலாக மாற்றிவிடுங்கள். டேன் எக்ஸ் − சைன் எக்ஸ் = டேன் எக்ஸ் × (1 − காஸ் எக்ஸ்). இப்போது இருப்பது பெருக்கல், எனவே டேன் எக்ஸுக்கு எக்ஸ், 1 − காஸ் எக்ஸுக்கு எக்ஸ்²/2 என்று தாராளமாகப் போடலாம். எக்ஸ்³/2 வந்துவிடும். சமானத்தைப் பயன்படுத்தியது தவறல்ல, பயன்படுத்திய இடம்தான் தவறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

கழித்தலில் ஒருபோதும் சமானம் போடக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. சில பயிற்சிப் புத்தகங்கள் அப்படி ஒரு தடையே போடுகின்றன, அது தேவைக்கு மேற்பட்ட எச்சரிக்கை. (டேன் 3எக்ஸ் − சைன் எக்ஸ்) ÷ எக்ஸ் என்ற கணக்கில் 3எக்ஸ் − எக்ஸ் = 2எக்ஸ் என்று போட்டு விடை 2 என்று சொன்னால் அது முற்றிலும் சரி. கழிக்கப்படும் இரண்டுக்கும் இடையிலான விகிதம் 1-ஐத் தவிர வேறு எதற்குப் போனாலும் முதன்மை உறுப்புகள் அடிபடாமல் மிஞ்சும், சிறுபிழைகள் அவற்றின் நிழலில் மறைந்துவிடும். விகிதம் 1-க்குப் போகும்போது மட்டும் கையை எடுத்துவிட வேண்டும். மாணவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: “போட்ட பிறகு மேலே பூஜ்ஜியம் வந்துவிட்டதா? அப்படியானால் போட்டதை அழித்துவிட்டு மறுபடி தொடங்கு.”

கணினியும் இதே பள்ளத்தில் விழும் என்பதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. எக்ஸுக்கு 10⁻⁸ என்ற மதிப்பைக் கொடுத்து, ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தில் வேலை செய்யும் சாதாரண நிரலில் (டேன் எக்ஸ் − சைன் எக்ஸ்) ÷ எக்ஸ்³ என்பதைக் கணக்கிடச் சொல்லுங்கள். 0 என்று விடை வரும். டேன், சைன் இரண்டும் எக்ஸை விட்டு விலகும் அளவு 24 தசம இடங்களுக்கு அப்பால் இருக்கிறது. கணினி இரண்டையும் 10⁻⁸ என்றே சேமித்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறது. எக்ஸ் = 0.01-இல் 0.50001 சொன்ன அதே கருவி இன்னும் ‘நெருங்கிப்’ போனதும் பொய் சொல்கிறது. ஆகவே கால்குலேட்டரில் சிறிய எண்ணைப் போட்டு எல்லையைச் சரிபார்ப்பவர்கள் அளவுக்கு மீறிச் சிறிதாக்கக் கூடாது.

இரண்டாம் கணக்கு முதலாவதின் கண்ணாடிப் பிம்பம். √(எக்ஸ்² + எக்ஸ்) எக்ஸுக்குச் சமானம் என்பது உண்மை. எக்ஸ் பத்து லட்சம் எனில் மூலத்தின் மதிப்பு 1000000.499999875, விகிதம் 1-லிருந்து இருபது லட்சத்தில் ஒரு பங்குதான் விலகுகிறது. ஆனால் அந்த அற்ப விகிதத்தைப் பத்து லட்சத்தால் பெருக்கினால் அரை கிடைக்கிறது, கழித்தலில் மிஞ்சுவதும் அந்த அரைதான். லாரியின் முன்னால் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தின் எடையை அறிய, பழத்தோடு ஒரு முறையும் பழமில்லாமல் ஒரு முறையும் லாரியை எடைமேடையில் ஏற்றிக் கழித்துப் பார்ப்பது போன்றது இது. இரண்டு எடையும் சரிதான், பழத்தின் எடைதான் கிடைக்காது. கணக்கில் அதற்கு மாற்று வழி இருக்கிறது. (√(எக்ஸ்² + எக்ஸ்) + எக்ஸ்) என்பதால் மேலும் கீழும் பெருக்குங்கள். மேலே வெறும் எக்ஸ், கீழே √(எக்ஸ்² + எக்ஸ்) + எக்ஸ். இப்போது கீழே இருப்பது கூட்டல், அடிபட எதுவும் இல்லை. அது 2எக்ஸுக்குச் சமானம். விடை 1/2.

முடிவிலியின் பக்கம் ‘சமானம்’ என்ற சொல் எவ்வளவு வித்தியாசத்தை மறைக்கும் என்பதற்கு, நான் வகுப்பில் தவறாமல் எடுக்கும் உதாரணம் ராமானுஜனுடையது. ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் எழுதலாம் என்பது பிரிவினைக் கணக்கு. 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையில் எழுதலாம். ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த எண்ணிக்கைக்குச் சமானமான ஓர் எளிய கோவையைக் கொடுத்தார்கள். 100-க்கு உண்மையான எண்ணிக்கை 19,05,69,292. அந்தக் கோவை தருவது ஏறத்தாழ 19,92,80,893. விகிதம் 1.046. எண் 1000 ஆகும்போது விகிதம் 1.014 ஆகச் சுருங்குகிறது. போகப் போக 1-ஐ நெருங்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. வித்தியாசமோ 100-இல் 87 லட்சம், 1000-இல் 30 இலக்க எண். விகிதம் 1-க்குப் போய்க்கொண்டே இருக்க, வித்தியாசம் முடிவிலிக்குப் போகிறது. இரண்டுக்கும் முரண்பாடு எதுவும் இல்லை, ஏனெனில் சமானம் என்ற உறவு வித்தியாசத்தைப் பற்றி எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. வித்தியாசம் வேண்டுமானால் அடுத்தடுத்த உறுப்புகளையும் எடுக்க வேண்டும். அதையும் அவர்கள் செய்தார்கள். எட்டு உறுப்புகளை எடுத்தபோது 200-க்கான மதிப்பு, பிரிட்டிஷ் கணித அறிஞர் மக்மோகன் கையால் கணக்கிட்டு வைத்திருந்த 39,72,99,90,29,388 என்ற எண்ணிலிருந்து 0.004 மட்டுமே விலகியிருந்தது. டேன், சைன் கணக்கில் எக்ஸோடு நிறுத்தாமல் எக்ஸ்³ வரை போக வேண்டியிருந்ததும் இதே காரணத்தால்தான்.

எது எதை முந்தும் என்ற வரிசை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். மடக்கை மிக மெதுவாக வளர்கிறது. எக்ஸின் எந்த நேர் அடுக்கும், அது 0.01 ஆக இருந்தாலும், கடைசியில் மடக்கையை முந்தும். 2-இன் எக்ஸாவது அடுக்கு எக்ஸின் எல்லா நிலையான அடுக்குகளையும் முந்தும். காரணீயப் பெருக்கம் (1 × 2 × 3 × … × எக்ஸ்) அதையும் முந்தும். இதில் ஐயமே இல்லை, நிறுவலும் கடினமல்ல. ஆனால் ‘கடைசியில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2-இன் எக்ஸாவது அடுக்கையும் எக்ஸ்¹⁰-ஐயும் எடுத்துக்கொண்டால், எக்ஸ் 2 முதல் 58 வரை எக்ஸ்¹⁰தான் பெரிது. 59-இல்தான் முந்துதல் நடக்கிறது. இயல் மடக்கையையும் எக்ஸின் 0.01ஆவது அடுக்கையும் எடுத்தால் கதை இன்னும் விநோதம். அந்த அடுக்கு மடக்கையை நிரந்தரமாகத் தாண்டுவதற்கு எக்ஸ் ஏறத்தாழ 10²⁸¹ ஆக வேண்டும். நம்மால் காண முடிந்த பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கைக்குச் சொல்லப்படும் மதிப்பீடே 10⁸⁰ அளவில்தான் இருக்கிறது. எல்லை சொல்வது முற்றிலும் உண்மை, ஆனால் மனிதர் கையாளும் எந்த எண்ணிலும் அந்த உண்மை தலைகாட்டாது. இந்த முறையின் பெரிய வரம்பு இதுவே. யார் வெல்வார் என்று எல்லை சொல்லும், எப்போது வெல்வார் என்று சொல்லாது. கணினி அறிவியலில் இரண்டு நிரல்களின் வேகத்தை இப்படி ஒப்பிடுபவர்கள் மறக்கக் கூடாத இடம் இது.

இன்னொரு வரம்பு, எல்லா இரண்டையும் ஒப்பிட முடியாது என்பது. எக்ஸ் × சைன்(1/எக்ஸ்) என்பதும் எக்ஸும் பூஜ்ஜியத்துக்கு அருகில் இரண்டுமே பூஜ்ஜியத்துக்குப் போகின்றன. விகிதமோ சைன்(1/எக்ஸ்), அது −1-க்கும் 1-க்கும் இடையில் ஓயாமல் அலைகிறது, எங்கும் நிலைகொள்வதில்லை. இங்கே ‘எது வேகமானது’ என்ற கேள்விக்கு விடையே இல்லை. கண்டுபிடிக்கத் தெரியாததால் அல்ல, விடை என்று ஒன்று இல்லாததால். ஆறுதலான செய்தியும் உண்டு. எக்ஸையும் மெய் மாறிலிகளையும் வைத்துக்கொண்டு கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், மூலம், அடுக்குக்குறிச் சார்பு, மடக்கை ஆகியவற்றை மட்டும் முடிவுள்ள முறை பயன்படுத்திக் கட்டப்படும் சார்புகள், எக்ஸ் பெரிதாகும்போது அலைவதில்லை, எந்த இரண்டையும் ஒப்பிடலாம் என்று ஹார்டி நிறுவியிருக்கிறார். அவருக்கு முன்பே, 1870-களில், ஜெர்மானியரான பால் டு பா-ரேமான் இந்த வளர்ச்சிப் படிகளுக்கு முடிவே கிடையாது என்று காட்டியிருந்தார். ஒன்றைவிட ஒன்று வேகமான சார்புகளை முடிவில்லாத வரிசையாக நீங்கள் அடுக்கினாலும், அவை அத்தனையையும் முந்தும் இன்னொரு சார்பு இருந்தே தீரும். ஆகவே ‘மிகப் பெரிய முடிவிலி எது’ என்ற தேடலுக்கு இங்கே இடமில்லை.

மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் தனித்தனியே வகையிட்டு விகிதம் பார்க்கும் லோபிதால் விதியைப் போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். முதல் கணக்கில் மேலும் கீழும் மூன்று முறை வகையிட்டால் 1/2 வரும். இந்த விதி 1696-இல் லோபிதால் வெளியிட்ட, வகை நுண்கணிதத்தின் முதல் பாடப்புத்தகத்தில் வந்தது. கண்டுபிடித்தவர் யோஹான் பெர்னூலி. 1694-இல் லோபிதால், பெர்னூலிக்கு ஆண்டுக்கு 300 லீவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்) தருவதாகவும், பெர்னூலி கண்டுபிடிப்பவற்றைத் தமக்கு மட்டும் தர வேண்டும் என்றும் கடிதம் எழுதி ஏற்பாடு செய்துகொண்டார். விதி வலிமையானதுதான், ஆனால் அது ஒருவழிப் பாதை. வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இருந்தால் மூல விகிதத்துக்கும் அதே எல்லை. அங்கே எல்லை இல்லையென்றால் இங்கேயும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. எக்ஸ் முடிவிலிக்குப் போகும்போது (எக்ஸ் + சைன் எக்ஸ்) ÷ எக்ஸ் என்பதன் எல்லை 1 என்று பார்த்தவுடன் தெரிகிறது. வகையிட்டாலோ 1 + காஸ் எக்ஸ் என்று ஆகி அலையத் தொடங்கிவிடும். சைன் எக்ஸ் ÷ எக்ஸ் என்பதன் எல்லையை இந்த விதியால் ‘நிறுவுவது’ சுற்று வாதமா என்ற சர்ச்சைக்கு ஒரே விடை கிடையாது. சைனை வட்டத்திலிருந்து வரையறுத்தால், அதன் வகைக்கெழுவைக் கண்டறியவே இந்த எல்லை தேவைப்படுவதால் அது சுற்று வாதம்தான். தொடராக வரையறுத்தால் அப்படியல்ல. என் விருப்பம், தொடரையோ காரணிப்படுத்தலையோ முதலில் முயல்வது. லோபிதால் விதி விடையைக் கொடுக்கும், ஆனால் எது எதை அடித்தது, எது மிஞ்சியது என்பதைக் காட்டாது.

‘மிக நுண்ணிய அளவு’ என்று உண்மையிலேயே ஓர் எண் இருக்கிறதா என்பது மட்டும் தத்துவத்தின் எல்லையில் நிற்கும் கேள்வி. 1734-இல் பாதிரியார் ஜார்ஜ் பெர்க்லி, வகுக்கும்போது பூஜ்ஜியமல்ல என்றும் வகுத்த பிறகு பூஜ்ஜியம் என்றும் சொல்கிறீர்களே, இது என்ன நியாயம் என்று நியூட்டன் வழிவந்தவர்களைக் கேட்டார். நியாயமான கேள்வி. கோஷியும் பின்னர் ஜெர்மானியக் கணித அறிஞர் வையர்ஸ்ட்ராஸும் அந்த அளவுகளை எண்களின் பட்டியலிலிருந்தே நீக்கி, எல்லை என்ற கருத்தால் விடை சொன்னார்கள். 1960-களில் கணித அறிஞர் ஏப்ரகாம் ராபின்சன் வேறொரு விடை சொன்னார். எந்த நேர் மெய்யெண்ணைவிடவும் சிறிய, ஆனால் பூஜ்ஜியமல்லாத எண்களை முரண்பாடின்றிச் சேர்த்துக்கொண்ட ஓர் எண் அமைப்பைத் தர்க்கவியலின் துணையோடு அவர் கட்டிக் காட்டினார். இரண்டு வழிகளும் சரியானவை. மெய்யெண்களைப் பற்றிய எல்லைக் கணக்குகளுக்கு இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. எது இயல்பானது என்பது ரசனையைப் பொறுத்தது. நான் கற்றதும் கற்பிப்பதும் வையர்ஸ்ட்ராஸ் வழி, ஆகவே ராபின்சன் வழியில் எழும் நுட்பமான கேள்விகளுக்கு அந்தத் துறையில் உழைத்தவர்களின் சொல்லையே நம்புங்கள்.

கடைசியாக, நடைமுறைக்குத் தேவையானது: எத்தனை உறுப்புவரை வைத்துக்கொள்ள வேண்டும்? பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே, இருக்கும் படியைப் பாருங்கள். கீழே எக்ஸ்³ இருந்தால் மேலே உள்ள ஒவ்வொன்றையும் எக்ஸ்³ வரை விரித்தால் போதும், எக்ஸ்⁴-உம் அதற்கு மேற்பட்டதும் வகுத்த பிறகு பூஜ்ஜியத்துக்குப் போய்விடும். எக்ஸ்³ வரை விரித்தும் எல்லாம் அடிபட்டுவிட்டால் அப்போது விடை உண்மையாகவே பூஜ்ஜியம். கீழே இருப்பதும் ஒரு வித்தியாசமாக இருந்தால் முதலில் அது எந்தப் படியில் மிஞ்சுகிறது என்று கண்டுபிடித்துவிட்டு மேலே வாருங்கள். பழகிக்கொள்ள ஒரு கணக்கு தருகிறேன். ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் ஆர்னால்ட் பிரபலமாக்கிய கணக்கின் பாதி இது: எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது டேன்(சைன் எக்ஸ்) − சைன்(டேன் எக்ஸ்) எந்தப் படியைச் சேர்ந்தது? இரண்டின் முதல் உறுப்பும் எக்ஸ். எக்ஸ்³-இலும் இரண்டுக்கும் 1/6 என்ற ஒரே கெழு. எக்ஸ்⁵-இலும் இரண்டுக்கும் −1/40. மனம் தளராமல் எக்ஸ்⁷ வரை விரியுங்கள். முதலாவதின் கெழு −107/5040 என்றும் இரண்டாவதின் கெழு −55/1008 என்றும் வந்தால் உங்கள் விரிவு சரி, மிஞ்சுவது எக்ஸ்⁷/30.